கற்பூரமணைச்சான் ஊடு

கள்ளிக்குப்பத்துப் பழைய குடும்பங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஊட்டுப்பேர், அதாவது வீட்டுப்பேர், உண்டு. ரேஷன் அட்டையில் இருக்காது, ஆதாரில் இருக்காது. ஆனால் சாவுக்கு மாலையோடு வந்து நிற்பவரை இன்னார் என்று சொல்ல அந்தப் பேர்தான் வேண்டும். பெண் கேட்டு வருகிறவர்கள் விசாரிப்பதும் அந்தப் பேரைத்தான். மணியக்காரர் ஊடு, செக்கடியார் ஊடு, மேலண்டையார் ஊடு என்று ஒவ்வொன்றும் கேட்க லட்சணமாகத்தான் இருக்கும். மாவுக்கடைப் பூங்காவனத்தின் குடும்பத்துக்கு வாய்த்த பேர் கற்பூரமணைச்சான். அம்பத்தூரில் தொடங்கி ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனாலும் இன்னொரு கற்பூரமணைச்சான் அகப்படமாட்டார். இப்படி ஒரு பேரை ஒரு குடும்பத்தின் தலையில் கட்ட ஓர் ஊருக்கு எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும் என்று, விவரம் தெரிந்த நாள் முதலாகப் பூங்காவனம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஊர் இதுவரை பதில் சொன்னதில்லை.

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். வீட்டின் முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். "மாவு இன்னிக்கு அரைச்சதா?" என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. நீட்டிய பாக்கெட்டைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்துவிடுவாள். "நம்பிக்கை இல்லாதவங்களுக்கு எங்கூட்டு மாவு புளிக்காது, போய்ட்டு வாங்க" என்பாள். போனவர் மறுநாளே வந்து நிற்பார், ஏனென்றால் அந்த மாவில் இட்லி அப்படி வரும். புருஷன் தேவராஜ் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் கத்தினால் போதும் என்பது அவர் கட்சி.

எதிரே புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடியில் ரேகா என்ற மதுரைப் பக்கத்துப் பெண் குடியிருக்கிறாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பார்சல்காரன் வழி கேட்டபோது தெருவில் யாரோ 'கற்பூரமணைச்சான் ஊட்டுக்கு எதிர்க்க' என்று கைகாட்டியதைக் கேட்டுவிட்டு, அன்று மாவு வாங்க வந்தவள் ஆசையாகவே ஆரம்பித்தாள்.

"கோயில்ல தீபாராதனை காட்டுற குடும்பமாக்கா நீங்க? பேரு ரொம்ப நல்லாருக்கு."

பூங்காவனம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"காட்ற குடும்பம் இல்லமா. அணைச்ச குடும்பம். நல்லாகீதா உனக்கு? வேணும்னா எடுத்துக்கினு போ, ஓசிலயே தரேன்."

மதுரைப் பெண்ணுக்கும் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. கற்பூரம் அணைப்பது என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? சாமிக்கு எதிரில் கற்பூரத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தால் அது சத்தியம். பொய்யாக அணைத்தவன் வம்சம் விளங்காது, பிள்ளைகுட்டி தங்காது. கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட இதற்குக் கை நீட்ட மாட்டான். அப்படியானால் ஒரு குடும்பத்துக்கே அந்தப் பேர் இருக்கிறதென்றால் என்ன அர்த்தம் என்று ரேகாவின் முகம் கேட்டது. வாய் கேட்கவில்லை. பூங்காவனத்துக்கு அந்த முகம் பழக்கம்.

ஊர் சொல்கிற கதை சின்னது. ஏகாம்பரம் என்று ஒருத்தன் இருந்தான், நிலத்துக்கு ஆசைப்பட்டுப் பொய்யாகக் கற்பூரம் அணைத்தான், அவன் வம்சம் இது. அவ்வளவுதான். கேட்கிறவன் உச்சுக்கொட்டிவிட்டு டீயைக் குடிப்பான். நடந்தது அதுவா? ஏகாம்பரம் பூங்காவனத்தின் அப்பாவுக்குத் தாத்தா. அவள் அப்பா சொன்னதை இங்கே சொன்னால்தான் இந்த ஊரின் லட்சணம் தெரியும்.

வெள்ளைக்காரன் காலம். ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சை முழுக்க ஊருக்குப் பொது. ஊர்ப் பெரியதனம் பார்த்தவர், இன்றைக்கு இருக்கிற ஜம்புலிங்கத்தின் கொள்ளுத்தாத்தா, அந்த நிலத்தை யாருக்கும் சொல்லாமல் பூந்தமல்லிப் பக்கத்து ஆள் ஒருவருக்கு விற்றுவிட்டார். வாங்கினவர் ஒருநாள் வண்டி கட்டிக்கொண்டு வந்து நிலத்தைக் கேட்டார். ஊர் பதறிப்போய்ப் பெரியதனத்தைப் பார்த்தது, பெரியதனம் தரையைப் பார்த்தது. விற்றது உண்மை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வந்தவர் சாமிக்குப் பயந்த மனிதர். வழக்கு வம்பு வேண்டாம், உங்கள் அம்மன் எதிரில் உங்களில் ஒருத்தர் கற்பூரம் அணைத்து, இந்த நிலத்தை விற்கவே இல்லை என்று சொல்லட்டும், நான் திரும்பிப் போகிறேன் என்றார்.

விற்ற மனிதன் அணைக்க வேண்டியதுதானே? அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்களாம். மற்றவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்களாம். ஆளாளுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டே போக, கடைசியில் ஊர் முழுக்க ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கோடையில்தான் அவருடைய இரண்டு குழந்தைகளையும் வாந்திபேதி வாரிக்கொண்டு போயிருந்தது. "உனக்குப் போறதுக்கு இன்னாடா கீது?" என்று கேட்டார்கள். பிள்ளையைப் புதைத்த ஈரம் காயாத ஒருவனைப் பார்த்து ஒரு ஊரே கேட்ட கேள்வி இது. நாக்கு அழுகிப் போயிருக்க வேண்டாமா? ஏகாம்பரம் போய், நிலத்தை விற்கவே இல்லை என்று சொல்லி அணைத்தார். நிலம் தங்கியது. ஊர் அடுத்த போகத்துக்கு நாற்று விட்டது.

அதன் பிறகு அவர் கோயில் வாசலைத் தாண்டவில்லை. தெருவில் நின்றே கும்பிட்டுவிட்டுப் போவார். கற்பூரத் தட்டை யார் நீட்டினாலும் கை கூப்புவாரே தவிர, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள மாட்டார். அந்த வழக்கம் குடும்பத்தில் அப்படியே வந்துவிட்டது. பூங்காவனம் கோயிலுக்குள் போவாள், ஆனால் தட்டு வரும்போது கூப்பிய கையைப் பிரிக்க மாட்டாள்.

இதோடு விட்டிருந்தால் ஊர் அவரைத் தியாகி என்றுகூடச் சொல்லியிருக்கும். வருடம் திரும்புவதற்குள் ஏகாம்பரத்தின் மனைவி ஆண்பிள்ளை பெற்றாள். பிள்ளை நோய்நொடி இல்லாமல் வளர்ந்தது. அங்கேதான் ஊருக்கு வயிறு எரிந்தது. பொய்ச் சத்தியம் செய்தவனுக்குப் பிள்ளை எப்படித் தங்கலாம்? குடும்பம் அழிந்திருந்தால் ஊருக்குத் திருப்தி. அழியவில்லை என்பதால், இவன் கைக்கு ஒன்றும் ஆகாது, இவன் வம்சத்துக்குச் சாமிப் பயம் கிடையாது என்று முடிவு கட்டினார்கள். பேரும் விழுந்தது. ஊரே அனுப்பி அணைக்க வைத்ததை மறந்து, நிலத்தாசை என்று ஒரு கதையையும் ஒட்டவைத்துக்கொண்டார்கள். அந்த நிலத்தில் விளைந்த சோற்றைத் தின்றுகொண்டேதான் அந்தக் கதையைச் சொன்னார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. வரப்புத் தகராறு, மாடு மேய்ந்த தகராறு, எவனாவது பொய்யாகக் கற்பூரம் அணைக்க வேண்டியிருந்தால் இந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவான். "உங்க கைக்கு ஒண்ணும் ஆவாதே, எனக்கோசரம் ஒருக்கா வந்து அணைச்சுடேன்" என்பான். பூங்காவனத்தின் தாத்தாவிடம் கேட்டார்கள், அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா வாயாலேயே விரட்டுவார், வாய் பத்தாவிட்டால் விறகுக்கட்டை. அப்படி வந்து கேட்ட அதே ஆட்கள்தான் பூங்காவனத்தைப் பெண் பார்க்க வந்தவர்களைத் தெருமுனையில் நிறுத்தி, "அந்த ஊடா? வேணாம்பா" என்று திருப்பி அனுப்பினார்கள். வரன்கள் இப்படியே போய், கடைசியில் திருவள்ளூரைத் தாண்டி இருந்த தேவராஜ் வந்தார். பேரைக் கேட்டுவிட்டுச் சிரித்தார், இங்கேயே வந்து குடியேறினார். அதனால்தான் பேரும் இந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

இப்போது அவர்கள் மகள் லாவண்யாவுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. பையன் பிரசன்னா, குமணன்சாவடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பச்சையப்பனுடைய மகன். இரண்டு பேரும் ஒரே அலுவலகத்தில் பார்த்துப் பிடித்துப்போய், பெரியவர்கள் பேசி, ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்ற வரைக்கும் வந்தாயிற்று. பையன் வீட்டார் ஊட்டுப்பேரைக் கேட்கவில்லை. பூங்காவனமும் சொல்லவில்லை. தன்னிடமிருந்து எத்தனை வரன் திரும்பிப் போனது என்பது அவளுக்குத்தானே தெரியும்? மகளுக்கு அது வரக்கூடாது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையிலேயே வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து ஜம்புலிங்கம் மாவுக்கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் போன், ஊரில் கோயில் காரியம் எதுவும் அவரைக் கேட்காமல் நடக்காது.

அவர் வந்த காரணம் பூங்காவனத்துக்குத் தெரியும். போன வருடம் செத்துப்போன அவருடைய தம்பியின் மனைவி நாகவல்லி, ரோட்டோரத்து மனையில் ஒரு ஓரமாகத் தகரக் கொட்டகையில் இருக்கிறாள். மனை முழுக்க ஜம்புலிங்கம் பேரில். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஜம்புலிங்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மனைல பாதி நாகவல்லிக்குத்தான், நீ நிம்மதியா இரு" என்று சொன்னார். கஞ்சி கொண்டுபோயிருந்த பூங்காவனம் பக்கத்திலேயே நின்று கேட்டாள். இப்போது அடுக்குமாடி கட்டுகிறவன் மனையைக் கேட்கிறான், ஜம்புலிங்கம் அப்படியெல்லாம் சொல்லவே இல்லை என்கிறார். நாகவல்லி ஊர்க்கூட்டத்தில் அழுதுகொண்டே, பூங்காவனம் அக்காவைக் கேளுங்கள் என்றாள். வெள்ளிக்கிழமை செல்லியம்மன் கோயிலில் பூங்காவனம் கற்பூரம் அணைத்து என்ன சொல்கிறாளோ அதுதான் முடிவு என்று ஊர் சொல்லிவிட்டது. ஜம்புலிங்கம் முணுமுணுக்காமல் சம்மதித்தார். ஏன் சம்மதித்தார் என்பதுதான் இனிமேல் வருகிறது.

"இன்னாம்மா பூங்கா, பொண்ணு கல்யாண வேலையெல்லாம் எதுவரைக்கும் வந்துகீது?"

"நடந்துகினு கீது மாமா."

"நல்லா நடக்கட்டும். வெள்ளிக்கிழமை வந்து, ஆஸ்பத்திரில ஒண்ணும் கேக்கலன்னு சொல்லி அணைச்சுட்டுப் போயிடு. அவ்ளோதான் வேலை."

"நான் கேட்டனே மாமா. பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன்."

"கேட்டே. இல்லன்னா சொல்றேன்? அதுக்குத்தான் உன்னாண்ட வந்தேன். வேற யாருனா பண்ணா புள்ளகுட்டிக்கு ஆவாது. உங்க ஊட்டுக்கு அந்த பயம் இல்ல பாரு. உங்க கைக்குத்தான் ஒண்ணும் ஆவாதே."

மாவு வாளி மூடியை இரவல் கேட்கிற மாதிரிக் கேட்டார். குரலில் ஒரு கூச்சம் இல்லை. அவர் போனைப் பார்த்துக்கொண்டே எழுந்தார்.

"குமணன்சாவடிக்காரங்களுக்கு உங்க ஊட்டுப்பேரு தெரியுமா? தெரியலன்னா தெரியாமயே இருக்கட்டும். நான் இன்னாத்துக்குப் போய்ச் சொல்லப்போறேன், நம்ம ஊட்டுப் பொண்ணு."

அவர் தெருமுனை தாண்டின பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது. வந்ததெல்லாம் தேவராஜ் மேல் விழுந்தது.

"அந்தாளு கொள்ளுத்தாத்தன் வித்ததை மறைக்க எங்க கொள்ளுத்தாத்தன் கையை நீட்டினாரு. இன்னிக்கு இந்தாளு சொன்னதை முழுங்கறதுக்கு நான் நீட்டணுமாம். நாங்க இன்னா இவங்க ஊட்டுக்குக் கை துடைக்கிற துணியா? அந்த மனை எந்த மனைன்னு தெரியுமா உனக்கு? ஏரி நஞ்சையை ஊரு பங்கு போட்டுக்கினப்ப இவங்க ஊட்டுக்கு வந்ததுல மிச்சம். எங்க தாத்தன் அணைச்சதாலதான் அது இந்த ஊர்லயே கீது."

"சரி, வெள்ளிக்கிழமை ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்க. போவாம இருந்துடு."

"நான் படுத்துக்கினா நாகவல்லி தெருவுல படுக்கணும். அது பரவால்லியா?"

தேவராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த லாவண்யா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள்.

"நானே பிரசன்னாகிட்ட சொல்லிடறேன்மா. அவன் ஒண்ணும் நினைக்க மாட்டான்."

"அவன் நினைக்க மாட்டான். அவங்கம்மா நினைப்பாங்க. இது எங்கப்பன் எனக்குக் குடுத்த பேரு, நான்தான் சொல்லணும். போனை வை."

"அவங்க வேணாம்னு சொல்லிட்டா?"

மகளுக்கு அந்தப் பையனை எவ்வளவு பிடிக்கும் என்று பூங்காவனத்துக்குத் தெரியும். மகள் முகத்தைப் பார்க்காமல் உளுந்து களையப் போய்விட்டாள்.

மறுநாள் கடையை மூடிவிட்டுப் பஸ் ஏறிக் குமணன்சாவடியில் இறங்கினாள். பிரசன்னாவின் அம்மா மங்களம் காபி கொண்டுவந்து வைத்தாள். பூங்காவனம் காபியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பேரைச் சொன்னாள், ஊர் சொல்கிற கதையைச் சொன்னாள், அப்பா சொன்ன கதையைச் சொன்னாள், ஜம்புலிங்கம் வந்ததையும் சொன்னாள்.

"இதை ஏன் மொதல்லயே சொல்லலை?"

"சொல்லிகினு வந்திருந்தா இந்த நாற்காலில உக்கார வச்சிருப்பீங்களா?"

மங்களம் காபி டம்ளரை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"பொய் சொல்ல மாட்டேன். யோசிச்சிருப்பேன். இப்பவும் யோசிக்கத்தான் செய்யறேன். ஒரே புள்ள. சத்தியம் கித்தியம்னா எனக்குப் பயம்." பிறகு கேட்டாள்: "வெள்ளிக்கிழமை எத்தினி மணிக்கு?"

"இன்னாத்துக்கு?"

"நானும் வரேன். பாத்துட்டுச் சொல்றேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது பூங்காவனத்துக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கத்திரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற மாதிரி நாலு தலைமுறையைப் புரட்டிப் பார்க்கிறார்கள். சொத்தை இருந்தால் கூடையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். யார் போட்ட சொத்தை என்று கேட்க ஆள் கிடையாது. ஆனாலும் மங்களம் பொய் சொல்லவில்லை என்பதையும் அவள் நினைத்துக்கொண்டாள். இவள் ஊரில் அதுகூட அபூர்வம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் கூத்து பார்க்க வந்த மாதிரிக் கூட்டம். டிவி சீரியலை விட்டுவிட்டுக்கூட வந்திருந்தார்கள் என்றால் பாருங்கள். ஜம்புலிங்கம் குடும்பத்தையே அழைத்து வந்திருந்தார். மகன்கள், மருமகள்கள், பட்டுப்பாவாடை கட்டிய பேத்திகள். பெரிய மருமகள் விஜியின் இடுப்பில் கைக்குழந்தை. எதிர்ப்பக்கம் நாகவல்லி தனியாக நின்றாள். மங்களம் சொன்ன மாதிரியே வந்து, கூட்டத்தில் கலக்காமல் தூணோரமாக நின்றாள். லாவண்யா அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

பூசாரி வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துத் தட்டில் ஏற்றினார். தட்டை நீட்டி, "சொல்லுமா" என்றார்.

"நான் கேட்டேன்" என்றாள் பூங்காவனம். "ஆஸ்பத்திரில ஜம்பு மாமா தம்பி கையைப் புடிச்சிகினு, மனைல பாதி நாகவல்லிக்குத்தான்னு சொன்னாரு. நான் கஞ்சி டம்ளரோட பக்கத்துல நின்னேன். அதுக்கு அவரு தம்பி தலையாட்டினதையும் பாத்தேன்."

கூட்டம் சலசலத்தது. ஜம்புலிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை. உடனே சமாளித்துக்கொண்டு, "வாயால சொன்னா ஆச்சா? அணைச்சுட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்றார். அவருக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. இவள் அணைத்தாலும் இவள் வீட்டுச் சத்தியம் செல்லாது என்று சொல்லிவிடலாம் அல்லவா?

"அணைக்க மாட்டேன் மாமா."

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று அவர் ஊரைப் பார்த்தார்.

"எங்க ஊட்ல ஒருத்தரு அணைச்சது போதும். அவரு அவருக்கோசரம் அணைக்கல. உங்க தாத்தன் வித்துட்டு வந்து தரையைப் பாத்துகினு நின்னாரு, இந்த ஊரு எங்க தாத்தனைப் புடிச்சித் தள்ளுச்சு. புள்ளையைப் புதைச்ச மனுசன். உனக்குப் போறதுக்கு இன்னா கீதுன்னு கேட்டீங்க. அந்த நெலத்துல வெளஞ்சதை உங்க எல்லார் ஊட்லயும் தின்னீங்க. தின்னுட்டு அவருக்குப் பேர் வச்சீங்க. இங்க நிக்கறவங்கள்ல எங்க ஊட்டு வாசப்படிக்கு வந்து, எனக்கோசரம் ஒருக்கா அணைன்னு கேக்காத குடும்பம் எதுனா கீதா? கைதூக்குங்க, பாக்கறேன்."

யாரும் கைதூக்கவில்லை. பின்வரிசையில் ரெண்டு பேர் மெதுவாக நகர்ந்தார்கள்.

பூங்காவனம் பூசாரியின் கையிலிருந்து தட்டை வாங்கினாள். அந்தக் குடும்பத்தில் கற்பூரத் தட்டைக் கையில் பிடித்தவர் ஏகாம்பரத்துக்குப் பிறகு இவள்தான். அதை எடுத்துக்கொண்டு போய் ஜம்புலிங்கத்தின் எதிரே நின்றாள்.

"நான் சொல்றது பொய்யின்னா நீங்க அணைங்க மாமா. தம்பியாண்ட அப்பிடி ஒண்ணும் சொல்லலன்னு சொல்லிட்டு அணைங்க. உங்க கை, உங்க சத்தியம். இன்னாத்துக்கு ஊரான் ஊட்டுக் கையைத் தேடறீங்க?"

ஜம்புலிங்கம் கற்பூரத்தைப் பார்த்தார். கை பாதி தூரம் வந்தது. அந்த நேரம் விஜி கைக்குழந்தையை மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள். பேத்திகளையும் யாரோ இழுத்துக்கொண்டார்கள். அவருடைய கை அங்கேயே நின்று நடுங்கி, பிறகு வேட்டி மடிப்புக்குப் போய்விட்டது.

பூங்காவனம் தட்டோடு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"மாமாவுக்கோசரம் வேற யாருனா அணைக்கறீங்களா?"

கூட்டம் அவள் கண் பட்ட இடமெல்லாம் பின்னால் போனது. ஒரு ஆள் வரவில்லை. கற்பூரம் தானாக எரிந்து, தானாகத் தீர்ந்துபோய், வெற்றிலையில் கரி மட்டும் மிஞ்சியது.

"பாதி அவளுக்கே எழுதிக் குடுத்துடறேன்" என்றார் ஜம்புலிங்கம். யாரையும் பார்க்காமல் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அம்மன் எதிரில் ஊர் முன்னால் சொன்னதை இனி அவராலும் முழுங்க முடியாது. நாகவல்லி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இத்தோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். இந்த ஊருக்குப் போகத் தெரியுமா? செருப்பு விட்ட இடத்தில் பாண்டியன் நின்றுகொண்டிருந்தான். மனை புரோக்கர், வாய் சும்மா இருக்காது. கூட்டம் தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்ததும் குரலை உயர்த்தினான்.

"இன்னிலேர்ந்து ஜம்பு மாமா ஊட்டுக்கு வேற பேரு மாமே. கைநடுங்கி ஊடு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாரோ ஒருவன், "கைநடுங்கியாரு செருப்பு அங்க கீது, அண்ணாத்தே" என்று சேர்த்தான். இன்னும் பெரிய சிரிப்பு. குழந்தையோடு படியிறங்கிக்கொண்டிருந்த விஜி அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பூங்காவனம் சிரிப்பாள் என்றுதான் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு வந்த ஆத்திரம், கோயிலுக்குள் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

"நிறுத்துடா" என்றாள். பாண்டியனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"பேர் வச்சுட்ட. இப்ப போய் டீ குடிப்ப, நாளைக்கு மறந்துடுவ. அதைத் தூக்கிகினு அலையறது யாருடா? இந்தாளு இன்னும் எத்தினி வருசம் இருப்பாரு? அதோ விஜி இடுப்புல கீதே, அது பள்ளிக்கூடத்துல கேக்கும். பட்டுப்பாவாடை கட்டிகினு கீதுங்களே, அதுங்களைப் பொண்ணு பாக்க வர்றவனைத் தெருமுனைல நிறுத்தி உன் புள்ள சொல்லுவான், கைநடுங்கி ஊடா, வேணாம்பான்னு. அதுங்க இன்னாடா பண்ணுச்சுங்க? தப்புப் பண்ணவரு உள்ளதான் நிக்கறாரு, தெகிரியம் இருந்தா போய் அவரு மூஞ்சைப் பாத்துக் கேளு. புள்ளைங்க தலைல பேரைக் கட்டாத. இன்னொரு தபா அந்தப் பேரை உன் வாயில கேட்டேன், ஜம்பு மாமா ஊட்டுக்காரங்களுக்கு முன்னாடி நான் வந்து நிப்பேன் உன் ஊட்டு வாசல்ல."

பாண்டியன், "சும்மா தமாசுக்குக்கா" என்றான்.

"எங்களுக்கும் தமாசுக்குத்தான்டா வச்சானுங்க."

அதற்கு மேல் அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கலைந்தார்கள். விஜி போகிற வழியில் ஒரு தடவை பூங்காவனத்தின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். பூங்காவனத்துக்குத் தன் செருப்பு எது என்றுகூடத் தெரியவில்லை. அப்போதுதான் மங்களம் நினைவுக்கு வந்து, இத்தனையும் அந்தம்மாள் காதில் விழுந்திருக்கும் என்பதும் உறைத்தது. வாய்க்காரி, ஊரோடு சண்டை போடுகிறவள், கோயில் வாசலில் நின்று கத்துகிறவள். இனி என்ன மிச்சம்?

மங்களம் குனிந்து ஒரு ஜோடிச் செருப்பை அவள் கால் பக்கம் தள்ளிவைத்தாள்.

"இதுதான? போட்டுக்கங்க சம்பந்தி. உங்க ஊட்டுக்குப் போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, ஆவணில நாள் பாக்கலாம்."